மறு: சைஃபனுக்கு ‘வடிகுழாய்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

தொட்டியின் விளிம்பைத் தாண்டி நீரை வெளியே இறக்கும் சைஃபனுக்கு (siphon) ‘வடிகுழாய்’ என்ற தமிழ்ச்சொல் போதுமா என்பது கேள்வி. போதாது. ‘வடிகுழாய்’ என்றால் சிறுநீர் வடிக்கச் செருகும் குழாய் என்று மருத்துவத்தில் ஊன்றிவிட்டது. தவிர, தொட்டியின் அடியில் துளையிட்டாலும் நீர் வடியத்தான் செய்யும். சைஃபனில் நீர் முதலில் தன் மட்டத்துக்கு மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி, அப்புறம்தான் இறங்குகிறது. பெயரில் அந்தத் தாண்டல் தெரிய வேண்டும். ‘தாண்டுகுழாய்’ என்று முன்மொழிகிறேன்.

பெங்களூரில் மொட்டைமாடித் தொட்டி கழுவும்போது பாருங்கள். கழிவுத்துளை அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருந்தால் வண்டல் தங்கிவிடும். உள்ளே தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் டியூபில் முழுக்க நீர் நிரப்பி, இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒன்றை வண்டலில் அமிழ்த்தி, மற்றதைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே தொங்கவிட்டுத் திறந்தால் சேறு இறங்கிவிடும். பாதியில் நின்றால் வளைவின் உச்சியில் காற்று சேர்ந்திருக்கும்; உள்முனை நீரைவிட்டு வெளியே வந்திருக்கும், அல்லது இணைப்பில் காற்று புகுந்திருக்கும். தரையடிச் சம்ப்புக்கு இது உதவாது. அதன் அடியைவிடத் தாழ்வான இடம் தெருவில் ஏது? மோட்டார்தான் வேண்டும்.

எவ்வளவு ஏறலாம் என்பதைக் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. கடல்மட்டத்தில் ஏட்டுக்கணக்கு 10.3 மீட்டர், சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் 9¼ மீட்டர்தான். கரைந்த காற்று பிரிவதால் அதற்கு முன்பே நீர்த்தொடர் அறும்.

கால்வாயை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோவதைத் ‘தலைகீழ் சைஃபன்’ என்கிறார்கள். அங்கே நீர் எதையும் தாண்டுவதில்லை, முன்கூட்டி நிரப்பவும் வேண்டாம். அதற்குத் ‘தாழ்குழாய்’ என்று தனிப்பெயரே தரலாம்.

குழுவில் இன்னொருவரின் மறுமொழி:

‘தாண்டு’ சரி, ‘குழாய்’ இடிக்கிறது. பழைய சங்கிலி ஃபிளஷ் தொட்டியில் இருப்பது, நடுக்குழாயின் மேல் கவிழ்ந்திருக்கும் மணி வடிவ வார்ப்பிரும்பு மூடி. சங்கிலியை இழுத்துவிட்டதும் மணி விழுந்து நீரை நடுக்குழாயின் விளிம்புக்கு மேல் தள்ளும். மணியின் அடிவிளிம்பில் காற்று புகும்வரை ஓட்டம் நிற்காது. கர்நாடகத்தில் குணிகல் பக்கத்து மார்க்கோனஹள்ளி அணையின் தானியங்கி சைஃபன்களோ அணையோடு கட்டியவை. இவற்றையும் உள்ளடக்க ‘தாண்டுதூம்பு’ பொருந்தும். ஏரியிலிருந்து நீரை வெளிவிடும் ஏரித்தூம்பு நாம் அறிந்ததுதானே? டியூபுக்கு மட்டும் ‘தாண்டுகுழாய்’ இருக்கட்டும். தொடங்குமுன் நீர் நிரப்புவதற்கு ‘முன்நிரப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?