அருவியில் குளிக்கத் தடை, எனக்கு 2 ஸ்டார். பதில் போடவா, விடவா?

இலஞ்சி வீடு:
வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் என் வீட்டைப் போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. குற்றாலம் பக்கத்தில் இலஞ்சியில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. முதல் இரண்டு குடும்பமும் 5 ஸ்டார் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்தவர் 2 கொடுத்துவிட்டு எழுதியது: "மெயின் அருவியில் குளிக்கவே விடவில்லை. வீட்டில் ஈர வாடை. காசு தண்டம்." அன்றைக்குத் தண்ணீர் அருவி முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டிக் கொட்டியது, போலீஸ் யாரையும் விடவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? மூன்று ரிவ்யூ சேர்ந்தால்தான் சராசரி வெளியே தெரியும். தெரிந்த முதல் எண்ணே 4.0. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

மேலகரத்தான்:
சும்மா விடாதீர்கள் தம்பி. ரிவ்யூவைத் தூக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள். தூக்கவில்லை என்றால் நறுக்கென்று பதில் போடுங்கள். சாரல் காலத்தில் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டு ஈரம் என்றால் என்ன அர்த்தம்? சீசனே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான். இப்போது பெயர் கெட்டால் வருஷமே போச்சு.

வல்லத்துக்காரி:
புகார் கொடுக்கலாம். அருவி நம் கையில் இல்லாத விஷயம் என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் "எனக்கு நியாயமாகப் படவில்லை" என்பதற்காக எடுக்க மாட்டார்கள். ஈர வாடை வேறு அதிலேயே இருக்கிறது, அது வீட்டைப் பற்றியது.

அந்த வாடையைத்தான் நான் கேட்கிறேன் தம்பி. உங்கள் மூக்கை நம்பாதீர்கள். நமக்கு அது சாரல் வாசம், பிறந்ததிலிருந்து பழக்கம். வெளியூரில் இருந்து வருகிறவருக்கு அது காயாத துணி. என் வீட்டில் சீசனில் துண்டு இரண்டு நாளானாலும் காயாது. வெயில் எட்டிப் பார்த்தால் போதும், மெத்தையை எல்லாம் நிமிர்த்தி ஜன்னலோரம் வைத்துவிடுவேன். பீரோவுக்குள் ஒரு கிண்ணம் கல் உப்பு. அப்படியும் ஒருமுறை ஒரு அம்மா தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மேலகரத்தான்:
அப்படியானால் தப்பே செய்யாதவன் மன்னிப்புக் கேட்க வேண்டுமா அக்கா? அதற்குப் பதிலாக ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ திருப்பிக் கொடுத்து, ரிவ்யூவை எடுக்கச் சொல்லிவிடலாம்.

வல்லத்துக்காரி:
அதை மட்டும் செய்யாதீர்கள். காசு கொடுத்து ரிவ்யூவை மாற்றச் சொல்வது விதிக்கே விரோதம், கணக்குக்கே ஆபத்து. பதில் போட 30 நாள் இருக்கிறது, கோபம் ஆறட்டும். இன்னொன்று, தடை போட்டதைக் குறை சொல்வது மாதிரி ஒரு வார்த்தை வரக்கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? தடை என்று தெரிந்தவுடன் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மெசேஜ் போடுங்கள். அன்றைக்குப் போட்டீர்களா?

இலஞ்சி வீடு:
போடவில்லை அக்கா. வந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

நேற்று பின்னறைக் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசணம். விரலால் தொட்டால் சுண்ணாம்பு உதிர்கிறது. இந்தப் பதிலைப் போட்டுவிட்டேன்: "அருவியில் தடை இருப்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பின்னறைச் சுவரில் ஈரம் இருப்பது உண்மை, சரி செய்கிறேன். தடை போடுவது உயிருக்காக. அதை எங்களால் மாற்ற முடியாது."

மேலகரத்தான்:
கடைசி வரி சரி. பூசணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த வரி அங்கேயேதான் நிற்கும். அடுத்து வருகிறவர் உங்கள் 5 ஸ்டாரையா பார்ப்பார்?

இலஞ்சி வீடு:
நிற்கட்டும் அண்ணாச்சி. கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், மழை விட்டால்தான் பூச முடியும் என்கிறார். அதுவரை பின்னறையைப் பூட்டிவிட்டு, முன்னறையை மட்டும் இரண்டு பேருக்கு என்று வாடகையைக் குறைத்துப் போட்டிருக்கிறேன். அக்கா, அந்தக் கல் உப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்?