98ஆம் ஆண்டு லாப்டொப்: திரை இருட்டு, திகதி 1980

கொக்குவில்காரன்:
சித்தப்பாவின் பழைய லாப்டொப் அலுமாரிக்கு மேலே கிடந்தது. பென்டியம் எம்எம்எக்ஸ் 166, ராம் 32 எம்பி, ஹார்ட் டிஸ்க் 2 ஜிபி, விண்டோஸ் 98. சார்ஜர் செருகினால் எழும்புகிறது, விண்டோஸ் தொடங்கும் சத்தமும் கேட்கிறது. திரை மட்டும் சில விநாடி செம்மஞ்சளாக வந்து இருண்டுவிடும், அதற்குள் திகதி 1980 என்று கண்டேன். திரையைக் கொழும்பில் எடுப்பிக்கலாமா? உள்ளே கோயில் மலருக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் இருக்கிறதாம், சித்தப்பாவுக்கு அவைதான் வேணும்.

பழையஇரும்பு:
திரை வாங்க ஓடாதீங்கோ தம்பி. இருட்டான திரையில் ரோச் லைட்டைச் சரித்து அடித்துப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் படம் காட்டும் எல்சிடி நல்லது, போனது பின்னால் இருக்கிற மெல்லிய குழல்விளக்கு அல்லது அதை எரிக்கும் இன்வெர்ட்டர். செம்மஞ்சளாக வந்து அணைந்தது என்றால் என் சந்தேகம் குழலில்தான், கிழடான குழல் அப்படித்தான் நிறம் மாறும். இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், கரண்டில் வைத்துக்கொண்டு கை வைக்கவேண்டாம்.

1980 வந்தது திகதியைப் பிடித்துவைக்கும் சின்னப் பற்றரி செத்ததால். சில மொடல்களில் அது காசு மாதிரி லித்தியம், சிலவற்றில் சார்ஜ் ஏறும் நிக்கல் பற்றரி. நிக்கல் என்றால் உடனே கழற்றுங்கள், அது கசிந்து போர்டின் செப்புக் கோடுகளையே அரித்துவிடும். எங்கள் ஊர் உப்புக் காற்றும் ஈரப்பதனும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நல்லூர்வாசி:
இதைத் திருத்துகிற காசுக்குப் பாவித்த நல்ல லாப்டொப் எடுக்கலாம். தூக்கிப் போடுங்கோ.

வயர்மேன்:
நல்லூர்வாசி அண்ணை, அவர் கேட்பது கட்டுரையை, லாப்டொப்பை அல்ல.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள், ஏனென்றால் இந்த வயதில் அதுதான் எந்த நேரமும் போகக்கூடியது, ஒவ்வொரு தடவை போட்டுப் பார்க்கும்போதும் அதைத்தான் சுற்றவைக்கிறீர்கள். 44 ஊசி உள்ள 2.5 அங்குல ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க்காக இருக்கும், அதற்கு யுஎஸ்பி அடாப்டர் மலிவாகக் கிடைக்கும், பிந்திய வகை டிஸ்க்குக்கான சாட்டா அடாப்டர் வாங்கிவிடாதீர்கள். செருகும்போது ஊசி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 98 கோப்புகளை வைக்கும் ஃபாட்32 முறை இன்றைய கணினியிலும் திறக்கும். ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், பயப்படவேண்டாம், யூனிகோட் மாற்றியில் போட்டால் தமிழ் வரும்.

கொக்குவில்காரன்:
ரோச் அடித்தேன், ஐகன் எல்லாம் தெரியுது! அப்போ டிஸ்க்கைக் கழற்றுகிறேன். பின்னால் விஜிஏ துளை ஒன்றும் இருக்கு, அதில் மொனிட்டர் போட்டால் குழல் மாற்றாமலே பாவிக்கலாமோ?

பழையஇரும்பு:
தாராளமாக. எஃப்என் விசையோடு மொனிட்டர் படம் போட்ட விசையை அமத்துங்கோ, படம் அங்கே போகும்.