சாஸ்தா கோயில் வேன் 🚐

செவ்வாய்க்கிழமை

குமார் (6.52): பங்குனி உத்திரத்துக்கு இதுவரை 14 பேர். வேனில் 17 சீட். எழுந்தவர்கள் பெயர் போடவும்.

மல்லிகா (6.58): அந்த 14இல் எங்கள் வீட்டு 4 பேரும் சேர்த்திதானே? என் பெரிய தூக்குச் சட்டி மூடி யார் வீட்டுக்கு வந்தது? சடங்கு அன்று சாம்பார் போனது.

கவிதா (7.04): எல்லோரும் ஒரு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை சடங்கு வீட்டில் யாழினிக்கு யார் என்ன கொடுத்தீர்கள்? அவள் வலிப்புக்காகக் கீட்டோ டயட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். திட்ட மாட்டேன். தெரிந்தால் போதும்.

கவிதா (7.04): 📷 படம்

கவிதா (7.05): சிறுநீரில் கீட்டோன் பார்க்கிற குச்சி. இடது பக்கம் போன வாரம். வலது இன்று காலை.

பிரியா (7.06): கத்தரிப்பூ நிறம் போய் ரோஸ்?

கவிதா (7.08): கீட்டோன் காலையில் 80, ராத்திரி 160. ஒன்றரை வருடமாக அதற்குள்தான் ஏறி இறங்கும். ஞாயிறு ராத்திரி 40. நேற்று 15. இன்று 15கூட இல்லை. நேற்று விடியற்காலை ஃபிட்ஸில் தலை ஒரு தடவை தொங்கியது. ஏழு மாதத்துக்குப் பிறகு.

மல்லிகா (7.08): ஐயோ

குமார் (7.09): டாக்டர்?

கவிதா (7.10): நேற்றே போனில் சொல்லிவிட்டேன். டயட் மேடம் பத்து மணிக்கு மேல்தான் எடுப்பார். வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்வார். அதற்குத்தான் கேட்கிறேன்.

பிரியா (7.11): திரும்ப ஃபிட்ஸ் வந்தாலோ, பிள்ளை அசந்து கிடந்தாலோ பத்து மணி வரை காத்திருக்காதீர்கள் மதினி. நேரே ஆஸ்பத்திரி. டிரிப் போட வந்தால் குளுக்கோஸ் பாட்டிலா என்று கேளுங்கள். இந்த டயட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கவிதா (7.11): சரிம்மா

ஆச்சி (7.13): 🎤 0:48

கவிதா (7.14): அத்தை, உங்களைச் சொல்லவில்லை.

ஆச்சி (7.16): 🎤 1:12

மல்லிகா (7.17): அம்மா, ஏன் அழுகிறாய்? உன்னை யார் என்ன சொன்னார்கள்?

குமார் (7.18): பந்தலில் அம்மா மடியில் கடலைமிட்டாய்த் தட்டு இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

மல்லிகா (7.19): நீ பார்த்தாயாக்கும். நீ பஜ்ஜிச் சட்டியை விட்டு நகரவே இல்லை. பேலியோ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வாழைக்காய் பஜ்ஜி ஏழு.

குமார் (7.19): அன்றைக்கு ஒரு நாள் சீட்டிங் 😄 எனக்கும்தான் கீட்டோன் ஏறி இறங்குகிறது மதினி. போன வாரம் 0.8, நேற்று 0.4. நான் கவலைப்பட்டேனா?

கவிதா (7.20): நீங்கள் தொப்பைக்கு இருக்கிறீர்கள். இவளுக்கு அது மருந்து. மூன்று மாத்திரைக்கும் அடங்காதது இதற்குத்தான் அடங்கியது.

குமார் (7.20): 🙏

சண்முகம் சித்தப்பா (7.26): கவிதா அம்மா, பதற வேண்டாம். முதலில் குச்சி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வோம். உடம்பு மாவுச்சத்துக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது கல்லீரலிலிருந்து அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்று இரண்டு கீட்டோன்கள் வரும். முதலாவது கொஞ்சம் உடைந்து அசிட்டோன் ஆகி மூச்சில் போகும். பிள்ளை வாயில் பழ வாசனை அடிக்கிறது என்று மல்லிகா சொன்னாளே, அதுதான். குச்சியில் இருப்பது நைட்ரோபுரூசைடு. அது அசிட்டோஅசிட்டேட்டைத்தான் பிடிக்கும். ரத்தத்தில் அதிகமாக ஓடுவதோ மற்றது. ஆகவே குச்சி பாதிக் கதைதான் சொல்லும். பிள்ளை தண்ணீர் நிறையக் குடித்திருந்தாலும் நிறம் வெளுக்கும். டப்பாவைத் திறந்து வைத்து ஈரக்காற்று பட்டாலும் குச்சி கெட்டுப்போகும்.

குமார் (7.27): சித்தப்பா, பெல் அடித்துவிட்டது

பிரியா (7.27): அப்பா, சுருக்கமாக

சண்முகம் சித்தப்பா (7.30): இதையும் சொல்லிவிடுகிறேன். இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. 1921இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்புக்காகவே சொன்ன உணவு. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று பார்த்து, பட்டினி போடாமலே அதே நிலையை உண்டாக்க வழி தேடினார்கள். குமார் போன்றவர்கள் கையில் பிற்பாடுதான் சிக்கியது.

மல்லிகா (7.31): 👏

கவிதா (7.33): புது டப்பா உடைத்தும் பார்த்துவிட்டேன் சின்ன மாமா. மீட்டரில் ரத்தமும் பார்த்தேன். போன மாதம் 4.1. இன்று 1.6. குச்சியில் தப்பு இல்லை.

கவிதா (7.34): மதினி, அவளுக்கு மத்தியானம் முட்டை போட்டது நீங்கள்தானே? அதில் வேறு ஏதாவது போட்டீர்களா?

மல்லிகா (7.35): நீ எழுதிக் கொடுத்த சீட்டுப்படி. தனிச் சட்டி. தேங்காய் எண்ணெயைத் தராசில் வைத்து ஊற்றினேன். உப்பு. வாசனைக்குக் கிள்ளுப் பெருங்காயம்.

கவிதா (7.35): எந்தப் பெருங்காயம்?

மல்லிகா (7.36): பெருங்காயம் பெருங்காயம்தான். கடைத் தூள்.

கவிதா (7.36): அதில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

மல்லிகா (7.38): சரி, என் வீட்டுச் சாப்பாட்டில்தான் குற்றம். அவ்வளவு கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு என்று அடுப்புத் தனியாகப் பற்ற வைத்தேன். காதணிக்கு நான் செய்தது என்ன, எனக்குத் திரும்பி வந்தது என்ன, எல்லாம் மொய் நோட்டில் இருக்கிறது. நான் வாய் திறந்தேனா?

குமார் (7.38): அக்கா. மொய் இங்கே எதற்கு

சண்முகம் சித்தப்பா (7.40): கிள்ளுப் பெருங்காயத்தில் கால் கிராம் மாவு வந்தால் அதிகம். 80ஐ 15 ஆக்க அது போதாது. மல்லிகா மேல் தவறில்லை.

மல்லிகா (7.41): சித்தப்பா ஒருத்தருக்காவது தெரிகிறதே

கவிதா (7.42): மதினி, தப்பு என்று சொல்லவில்லை. ஒரு வேளைக்குக் கொழுப்பு 36 கிராம் என்றால் புரதமும் மாவும் சேர்ந்து 12. கடலைமிட்டாய் ஒரு துண்டு போனால் ஒரு நாள் மாவுக் கணக்கு முடிந்தது. ராத்திரி படுத்தால் தராசு முள்தான் கனவில் வருகிறது.

மல்லிகா (7.43): மிட்டாயை நான் கொடுக்கவில்லை. அவளாகத் தட்டில் ஒன்று எடுத்தாள், மோந்து பார்த்தாள், அத்தை இந்தா என்று என் கையில் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கவிதா (7.43): ம். அப்படித்தான் செய்வாள்.

மல்லிகா (7.45): இப்போது இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கூடக் கொடுத்தால் ஏறாதா?

பிரியா (7.45): வேண்டவே வேண்டாம். வாந்தி எடுப்பாள். மேடம் சொல்லாமல் எதையும் கூட்டக் குறைக்கக் கூடாது.

பிரியா (7.46): மதினி, சளி காய்ச்சல் ஏதாவது? மருந்து கொடுத்தீர்களா?

கவிதா (7.47): சனிக்கிழமையிலிருந்து இருமல். சிரப் மூன்று வேளை. வழக்கமாகக் கொடுக்கிற சர்க்கரை இல்லாததுதான். செந்தில் வாங்கி வந்தார்.

பிரியா (7.47): பாட்டில் படம். பின்பக்கம்.

கவிதா (7.51): 📷 படம்

பிரியா (7.53): சுவையூட்டிய பாகில் கலந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது பாருங்கள். இது சாதா சிரப். அதே பெயர்தான். சர்க்கரை இல்லாததில் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஃப். என்று இருக்கும்.

சண்முகம் சித்தப்பா (7.56): மருந்துச் சர்க்கரைப் பாகு என்றால் 100 மில்லியில் 85 கிராம் சர்க்கரை. இதில் அதில் பாதி என்று வைத்தால்கூட 5 மில்லிக்கு 2 கிராம். மூன்று வேளைக்கு 6. சனி, ஞாயிறு, திங்கள். தினமும் அரை நாள் மாவுக் கணக்கு இதிலேயே போயிருக்கிறது.

பிரியா (7.57): உடம்பு சரியில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதை இன்றே மாற்ற வேண்டும்.

மல்லிகா (7.57): செந்தில் எங்கே?

குமார் (7.58): ஆன்லைனில்தான் இருக்கிறான். 7.04லிருந்து.

மல்லிகா (7.58): 😐

செந்தில் (8.03): ம்

செந்தில் (8.05): பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. அதே அட்டை, அதே கலர். அவசரத்தில் பின்னால் பார்க்கவில்லை.

கவிதா (8.05): சரி

குமார் (8.06): இந்தச் 'சரி'க்கு அண்ணன் இன்றைக்கு வெளியே சாப்பிட்டுக்கொள்வது நல்லது

கவிதா (8.09): அத்தை, போன் எடுங்கள்.

கவிதா (8.14): அத்தை

ஆச்சி (8.16): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா (8.16): என்னம்மா அழித்தாய்?

ஆச்சி (8.17): 🎤 0:03

கவிதா (8.18): எவ்வளவு அத்தை? மேடத்திடம் சொல்ல வேண்டும். கோபம் இல்லை.

பிரியா (8.19): ஆச்சி, சொல்லிவிடுங்கள். கணக்குக்குத்தான்.

குமார் (8.31): அம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டது.

கவிதா (10.24): மேடம் பேசினார். சாதா சிரப் நிறுத்து, எஸ்.எஃப். வாங்கு. உணவு அளவை மாற்றாதே. மூன்று நாள் காலையும் ராத்திரியும் பார்த்து எழுது. டாக்டர் நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். பேஸ்ட்டை விழுங்குகிறாளா என்றும் பார்க்கச் சொன்னார். ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட் வாங்கி வந்தவரும் அவர்தான்.

குமார் (10.25): அண்ணன் 🤐

மல்லிகா (10.26): கோயிலுக்குப் பிள்ளை வருவாள்தானே? சர்க்கரைப் பொங்கலை அவள் கண்ணில் படாமல் இறக்கச் சொல்கிறேன்.

கவிதா (10.28): கண்ணில் பட்டால் ஒன்றும் இல்லை மதினி. வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

குமார் (10.28): அப்போது மூன்று சீட் வைக்கவா, விடவா? வேன்காரர் முன்பணம் கேட்கிறார்.

செந்தில் (10.29): வை

கவிதா (10.29): வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

குமார் (10.30): 🙄 சரி, பென்சிலில் எழுதிக்கொள்கிறேன்

சண்முகம் சித்தப்பா (11.02): மல்லிகா, தூக்குச் சட்டி மூடி இங்கேதான் இருக்கிறது. சித்தி அதை அரிசிப் பானைக்கு மூடி வைத்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறதாம், தர யோசிக்கிறாள்.