மாமியாரோட ஃபைல் மறுபடியும் காணோம், கம்ப்யூட்டர்ல ஏன் இல்ல?

சாட்ஸ்வர்த் மருமக:
வணக்கம். மாமியாருக்கு 71 வயசு, சுகர், பிரஷர், போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு அரசு ஆஸ்பத்திரிலதான் பாக்குறோம். காலைல 5 மணிக்கே போய் கியூல உக்காந்தா 10 மணிக்கு கிளார்க் வந்து ஃபைல் கிடைக்கல, புதுசு போட்டுக்கோங்கங்குறாங்க, இது மூணாவது தடவை. மறுபடியும் ரத்தம் எடுக்குறாங்க, பாவம் கையெல்லாம் கன்னிப்போச்சு. ஐடி நம்பர் தட்டினா எல்லாம் வராதா?

வார்டு சிஸ்டர் (ரிட்டயர்ட்):
அம்மாடி, ஃபைல் பெரும்பாலும் தொலையறதில்ல, எக்ஸ்ரே ரூம், டாக்டர் மேசைன்னு எங்கியாவது கிடக்கும், யார் கடைசியா எடுத்தாங்கன்னு எழுதி வைக்கறதில்ல. புது ஃபைல் போட்டாலும் பழைய நம்பரையே அதுல எழுதச் சொல்லு, இதுதான் முக்கியம். ரத்த ரிசல்ட் ஃபைல்ல மட்டும் இல்ல, லேப் சிஸ்டத்துலயும் இருக்கு, நம்பர் மாறினா அங்கயும் மூணு ஆளா பிரிஞ்சுடும். லேப் ஃபாரத்துல ஒட்டற பார்கோடு நம்பரையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோ, டாக்டர் அதை வச்சே தேடலாம்.

கேப்டவுன் தம்பி:
அக்கா, இங்க வெஸ்டர்ன் கேப் மாகாணத்துல அரசு கிளினிக், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரே நம்பர்தான், லேப், மருந்து விவரமும் அந்த நம்பர்லயே சேரும். நாடு முழுக்க ஐடி நம்பரை வச்சு பதியற வேலை 2013லயே ஆரம்பிச்சாங்க, ஆனா அது முதல்ல பேரு விலாசம் பதியத்தான், வியாதி விவரத்துக்கு இல்ல. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியா சிஸ்டம் வாங்கினதால ஒண்ணோட ஒண்ணு பேசல. உங்க டர்பன்லயே கேட்டோ மேனர்ல இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரி 2002ல பேப்பர் இல்லாமலே ஆரம்பிச்சது, அப்போ முடியாத காரியமில்ல, மத்த ஆஸ்பத்திரிக்கும் அதைக் கொண்டுவராம விட்டதுதான் எனக்குக் கோவம்.

ஃபீனிக்ஸ்காரன்:
கம்ப்யூட்டர மட்டும் நம்பிடவும் கூடாது. 2024 ஜூன்ல தேசிய லேப் சர்வீஸ் சிஸ்டத்த ஹேக் பண்ணினப்ப ரத்தத்த டெஸ்ட் பண்ண முடிஞ்சுது, ரிசல்ட் டாக்டர் ஸ்கிரீனுக்குப் போகல, அவசர கேஸுக்கு ஃபோன்ல சொன்னாங்க. கையில ஒரு காப்பி எப்பவும் இருக்கணும்.

சாட்ஸ்வர்த் மருமக:
ரொம்ப நன்றி சிஸ்டர், தம்பி, அண்ணா. வீட்ல தேடினதுல பழைய கார்டு ரெண்டு கிடைச்சுது, ரெண்டுலயும் வேற வேற நம்பர்! வியாழக்கிழமை ரெண்டையும் எடுத்துட்டுப் போய் ஒண்ணா சேக்கச் சொல்லி கேக்கப்போறேன். ஈசிஜி பேப்பர்ல எழுத்து வெளுத்துட்டு வருது, அதையும் இன்னிக்கு ராத்திரியே ஃபோட்டோ எடுத்துடுறேன். சிஸ்டர், நம்பர ஒண்ணாக்கறது கிளார்க்கே செய்வாங்களா, இல்ல ரெக்கார்ட்ஸ் ரூம்ல போய் கேக்கணுமா?