இடப்பக்கம் ஒதுங்கி நின்ற ஏழு தொகைகள்

வணக்கம். ஜவுளி மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது நேர்ந்ததைப் பகிர்கிறேன். விற்பனைப் பட்டியல் பார்வைக்கு அழகாக இருக்கட்டுமே என்று, எக்செலில் தொகை நெடுவரிசை முழுவதையும் செல்லின் நடுவில் வருமாறு அமைத்திருந்தேன். கூட்டுத்தொகையோ பில் புத்தகத்தைவிட 18,450 ரூபாய் குறைவாக வந்தது. இரண்டு மாலைகள் பில் பில்லாக ஒப்பிட்டுப் பார்த்தேன்; ஒவ்வொரு தொகையும் சரியாகவே இருந்தது.

சலித்துப்போய் அந்த நடு அமைப்பை நீக்கியதும் குட்டு வெளிப்பட்டது. நாமாக எதையும் மாற்றாதவரை எக்செல் எண்களை வலப்பக்கத்திலும், எழுத்துகளை இடப்பக்கத்திலும், பிழைச் செய்திகளை நடுவிலும் நிறுத்தும். எங்கள் பட்டியலில் மற்ற தொகைகளெல்லாம் வலப்பக்கம் அணிவகுத்திருக்க, ஏழு மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. நம் கண்ணுக்கு அவை எண்கள். எக்செலுக்கு வெறும் எழுத்துகள். ஆகவே கூட்டித்தரும் சம் ஃபார்முலா அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. அந்த ஏழும் இணையவழி ஆர்டர்கள்; வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது ஒவ்வொன்றின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி வந்துவிட்டது. அது சாதாரண இடைவெளி அன்று, 160ஆம் எண் குறியீடு கொண்டது என்பதால், உபரி இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவுக்கும் அசையவில்லை. அந்த இடைவெளியையே நகலெடுத்து, ஃபைண்ட் பெட்டியில் ஒட்டி, ரீப்ளேஸ் பெட்டியைக் காலியாக விட்டு நீக்கினேன். ஏழும் வலப்பக்கம் நகர்ந்தன, கணக்கும் நேரானது.

* * *

எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பள்ளி அலுவலகத்தில் உதவித்தொகைக்காக மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களைத் தட்டச்சு செய்தோம். அவை ஈ பிளஸ் 15 என்று சுருங்கித் தெரிந்ததால், வடிவத்தை நம்பர் என்று மாற்றித் தசமங்களை நீக்கினோம். எல்லாம் வலப்பக்கம் ஒழுங்காக நின்றன. ஆனால் எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. 16 இலக்கக் கணக்குகள் அனைத்தும் 0 என்றே முடிந்திருந்ததை, பட்டியல் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தோம். சுழியத்தில் தொடங்கும் எண்களுக்கு முன்சுழியமும் போயிருந்தது. அதன்பின் டெக்ஸ்ட் என மாற்றினாலும் போன இலக்கம் போனதுதான். பாஸ்புக்குகளை மறுபடியும் வாங்கி உட்கார்ந்தோம். கணக்கு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லையே, அதை எண்ணாக வைப்பானேன்? இப்போது தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிடுகிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் வருகிறேன். நடுவில் வைக்கும் ஆசையைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் செல்களை மெர்ஜ் செய்வதில்லை, அதாவது ஒரே செல்லாக இணைப்பதில்லை. செய்தால் முதல் செல்லில் உள்ளது மட்டுமே மிஞ்சும், பின்னர் வரிசைப்படுத்தும்போதும் தகராறு செய்யும். கன்ட்ரோலையும் 1ஐயும் சேர்த்து அழுத்தி, அலைன்மென்ட் பகுதியில் சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தால் தலைப்பு நடுவில் நிற்கும், செல்களும் தனித்தனியாகவே இருக்கும்.