பாக்கெட்டில் அடங்குகிற சின்னத் துப்பாக்கி நமக்குச் சரிப்படுமா?

தொண்டிக்காரன்:
இறால் ஏலப் பணத்தோடு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக பைக்கில் வருகிறேன். டெக்சாஸில் இருக்கும் மச்சான் ரூகர் எல்சிபி என்கிற சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறான், 300 கிராம்கூட இல்லையாம், கால்சட்டைப் பையிலேயே கிடக்கும் என்கிறான். இங்கே அப்படி ஒன்று வாங்க முடியுமா?

கீழக்கரை பாய்:
தம்பி, அமெரிக்காக் கதை வேறு. இங்கே கலெக்டரிடம் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு, பணம் கொண்டுபோகிறேன் என்றதும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். 9 எம்எம் குண்டு போடுகிற துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது. கிடைக்கிறதில் கான்பூரில் செய்கிற நிர்பீக் .32 ரிவால்வர் அரைக் கிலோ, அதைவிடச் சின்னக் குண்டு போடுகிற .22 நிடார் ரிவால்வர் 250 கிராம். யாராவது லைசென்ஸ் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீங்க, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி குறைந்தது 2 வருஷம் சிறை.

பாம்பன் மாமா:
லைசென்ஸ் கிடைத்தாலும் சாவி, சில்லறையோடு பையில் போட்டுவிடாதீர்கள். விசையை மூடுகிற உறை இல்லையென்றால் ஏதாவது மாட்டி உங்கள் தொடையிலேயே வெடிக்கும். போதாததற்கு நம்ம உப்புக்காற்று, வியர்வை. அடிக்கடி துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருதான். அப்புறம், பைக்கை மறித்தவன் முன்னால் அதை எடுக்க நேரம் எங்கே? பணத்தை பேங்கில் போடச் சொல்லுங்க.

தொண்டிக்காரன்:
ஏலக்காரர் ரொக்கம்தான் என்கிறார் மாமா. சரி, இனி இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வெயில் வந்த பிறகே கிளம்புகிறேன்.