குழம்பு கொதித்தால் மீனிலுள்ள கதிரியக்கம் போய்விடுமா?

சத்துவாச்சாரி வாசகி:
காசிமேட்டிலிருந்து வரும் மீனைத்தான் ஞாயிறுதோறும் வாங்குகிறோம். 2023 ஆகஸ்டில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கிய செய்தியைக் கேட்டதிலிருந்து, என் மாமியார் மீன் குழம்பைக் கால்மணி நேரம் கூடுதலாகக் கொதிக்கவிடுகிறார். கிருமிக்குப் பொருந்துவது கதிரியக்கத்துக்கும் பொருந்துமா? உண்டபின் வயிறு அதை என்ன செய்கிறது?

காட்பாடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
பொருந்தாது, அம்மா. கதிரியக்கம் அணுக்கருவின் இயல்பு. அடுப்புத் தீ அதுவரை எட்டாது. அணு உலையில் உருவாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். ஆனால் அது இடம் மாறும். பொட்டாசியத்தைப் போல நீரில் கரைந்து மீனின் சதையெங்கும் பரவியிருப்பதால், வேகும்போது ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். அந்த நீரை வடித்துக் கொட்டினால் குறையும். நம் வீட்டிலோ அந்த நீர்தான் குழம்பு, அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, மிஞ்சியதை மறுநாள் இட்லிக்கும் தொட்டுக்கொள்கிறோம். ஆகவே கூடுதல் கொதியால் சங்கரா உடைந்து முள்ளாவதுதான் மிச்சம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அலசிக் கொட்டுகிறோமே, அங்குதான் உப்போடு சீசியமும் கொஞ்சம் போகும்.

குடியாத்தம், உணவு வேதியியல் படித்தவர்:
வயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன். சீசியத்தைக் குடல் அநேகமாக முழுவதுமே உறிஞ்சிக்கொள்ளும்; பெரியவர் உடலிலிருந்து அதில் பாதி வெளியேறச் சுமார் 100 நாட்கள் ஆகும். அணு உலையில் உருவாகும் வேறொரு கதிரியக்கப் பொருளான புளூட்டோனியத்தில் பத்தாயிரத்தில் ஐந்து பங்களவே இரத்தத்தில் சேரும், மற்றது மலத்தோடு போய்விடும். அதே வகையைச் சேர்ந்த ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போல எலும்பைத் தேடிப் போவது. வஞ்சிரத்தில் முள்ளை ஒதுக்குகிறோம், நெத்திலியை முள்ளோடு மென்றுவிடுகிறோம் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஃபுகுஷிமா நீரில் வடிகட்ட முடியாமல் நிற்கும் ட்ரிட்டியமோ (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) நீராகவே இருப்பதால், உடலில் சேர்ந்ததில் பாதி ஏறத்தாழ 10 நாட்களில் சிறுநீரிலும் வியர்வையிலும் கழிந்துவிடும்.

சத்துவாச்சாரி வாசகி:
நன்றி. நண்டு ரசத்துக்கு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியையும் சேர்த்து இடிக்கிறோம். அதில் ஏதேனும் உண்டா?

குடியாத்தம், உணவு வேதியியல் படித்தவர்:
உண்டு, ஆனால் அணு உலையால் வந்ததன்று. அது நண்டின் செரிமானச் சுரப்பி. கடலில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கப் பொருளான பொலோனியம்-210 சதையைவிட அங்கேதான் மிகுதியாகச் சேரும். அதற்காக அஞ்ச வேண்டாம். எப்போதாவது வைக்கும் ரசத்துக்கு இடியுங்கள். வாரந்தோறும் வைப்பதானால் அந்த மஞ்சளை வழித்துவிட்டு இடியுங்கள்.